அறுந்த கம்பி ஏன் எட்டுவதில்லை?

நேற்றுவரை ஒரே கம்பியாக இருந்தது. இன்று காலையில் போய்ப் பார்த்தால் நடுவில் அறுந்து கிடக்கிறது. யாரும் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போகவில்லை. அறுந்த முனைகள் இரண்டும் அங்கேயேதான் இருக்கின்றன. ஆனால் ஒன்றைப் பிடித்து இன்னொன்றோடு சேர்க்கப் போனால் எட்டாது. நடுவே அரைச் சாண், ஒரு சாண் இடைவெளி விழுந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால் அது நாலு விரல் அளவுக்குக் குறையும். அதற்கு மேல் கை வழுக்கும்.

கம்பி வேலி, கொடி படரும் பந்தல், துணி காயப்போடும் கொடிக்கம்பி, எதில் கை வைத்தவரும் ஒருமுறையாவது இப்படி விழித்துக்கொண்டு நின்றிருப்பார். காணாமல்போன அந்த ஒரு சாண் எங்கே போனது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், அறுந்த கம்பியை இழுத்துக் கட்டுவதற்கென்றே இருக்கும் கைக்கருவி ஏன் சங்கிலியும் கொக்கியும் நீளக் கைப்பிடியுமாக அப்படியொரு கோலத்தில் இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

கம்பியும் ஒரு ஸ்பிரிங்தான்

இரும்புக் கம்பி நீளாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீளும். ரப்பர் போலக் கண்ணுக்குத் தெரியும்படி நீளாது, அவ்வளவுதான். வேலிக்குப் பரவலாகப் பயன்படும் 2.5 மி.மீ. தடிமன் எஃகுக் கம்பியை எடுத்துக்கொள்வோம். அதில் 100 மீட்டரை இழுத்துக் கட்டும்போது, 1 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு இழுப்புக்கு ஏறத்தாழ 1 மி.மீ. நீளும். கிலோவுக்கு ஒரு மில்லிமீட்டர். எஃகின் இயல்பையும் கம்பியின் தடிமனையும் வைத்துக் கணக்குப் போட்டால் தற்செயலாக இப்படி அழகான எண் வந்து விழுகிறது. மனத்தில் வைத்துக்கொள்ள வசதி என்பதால் இந்தக் கட்டுரை முழுக்க இந்தக் கம்பியையே வைத்துப் பேசுகிறேன்.

வேலி கட்டியவர் அந்தக் கம்பியை 100 கிலோ இழுப்பில் விறைப்பாகக் கட்டியிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கம்பி தன் இயல்பான நீளத்தைவிட 100 மி.மீ., அதாவது 10 செ.மீ. கூடுதலாக நீண்டு நின்றிருக்கிறது. நடுவில் அறுந்ததும் இரண்டு பாதியும் பழைய நீளத்துக்குச் சுருங்கி ஆளுக்கு 5 செ.மீ. பின்வாங்கிவிட்டன. அரைச் சாண் போனது அங்கேதான். கம்பியை வேறெதுவும் தின்றுவிடவில்லை. கட்டியவர் கொடுத்த விறைப்பு வெளியேறிவிட்டது. கம்பி நின்ற வளைவுகளும் மூலைத்தூண்களின் லேசான சாய்வும் சேர்ந்தால் இடைவெளி ஒரு சாணாகும்.

இதோடு முடிச்சுக்கும் கம்பி வேண்டும். ஒவ்வொரு முனையையும் மடித்துச் சுற்ற ஒரு முழத்துக்குக் குறையாமல் தேவைப்படும். ஆக, விட்டுப்போன 10 செ.மீ. ஒருபுறம், முடிச்சு விழுங்கும் நீளம் ஒருபுறம். அறுந்த இரண்டு முனைகளை மட்டும் வைத்துக்கொண்டு வேலையை முடிக்க முடியாது. நடுவில் ஓர் ஒட்டுத்துண்டு போட்டே ஆகவேண்டும். முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். இருக்கிற முனைகளையே எப்படியாவது கோத்துவிடலாம் என்று அரைநாள் மல்லுக்கட்டுவார்கள்.

இழுப்பது பெரிதில்லை, பிடித்து வைப்பதுதான்

சரி, நாலு பேர் சேர்ந்து இழுத்தால் 100 கிலோ வராதா? வரும். ஆனால் மெல்லிய கம்பியை எங்கே பிடிப்பது? கையுறை போட்டுக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தாலும் ஓர் ஆள் 20, 30 கிலோ இழுப்பதற்குள் கம்பி விரலை அறுக்க ஆரம்பித்துவிடும். அப்படியே இழுத்துவிட்டாலும் முடிச்சு போடுவது யார்? இழுப்பவர் கையை எடுத்தால் கம்பி ஓடிவிடும். எடுக்காவிட்டால் முடிச்சு போடக் கையில்லை.

ஆகவே கருவி மூன்று வேலை செய்தாக வேண்டும். கம்பியை வழுக்காமல் பிடிக்க வேண்டும். நம் கைப்பலத்தைப் பல மடங்காக்கி இழுக்க வேண்டும். இழுத்ததை இழுத்தபடியே நிறுத்தி, நடுவில் முனைகள் தொளதொளவென்று கிடக்கும்படி இடம் விட வேண்டும். மூன்றாவதை யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் உயிர்நாடி என்று படுகிறது. இழுப்பு முழுவதையும் கருவி தன் சங்கிலியில் ஏற்றுக்கொள்கிறது. முடிச்சு போட வேண்டிய முனைகளில் ஒரு கிலோ இழுப்புகூட இருக்காது. கொடியில் துணி மாட்டுவதுபோல நிதானமாக வேலை பார்க்கலாம்.

கடைகளில் இதற்குச் செயின் ஸ்ட்ரெயினர், வயர் ஸ்ட்ரெயினர், வயர் புல்லர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். நான் இழுப்பான் என்றே சொல்லிவிடுகிறேன்.

ஓர் இழுப்பானைத் தரையில் நீட்டிப் போட்டுப் பாருங்கள். ஒன்று, ஒன்றரை மீட்டர் நீளச் சங்கிலி. அதன் ஒரு நுனியில் கம்பியைக் கவ்வும் தாடை ஒன்று நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டாவது தாடை, நெம்புகோல் போன்ற கைப்பிடியோடு சேர்ந்திருக்கும். கைப்பிடியின் அடியில் சங்கிலி வளையங்களில் மாட்டும் கொக்கிகள் இருக்கும். மொத்தச் சாமானும் இவ்வளவுதான். இதில் மோட்டாரும் இல்லை, உடைந்துபோகிற நுணுக்கமான பாகமும் இல்லை.

தாடையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். குறடு பிடிப்பதற்கும் இது பிடிப்பதற்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் உண்டு. குறட்டில் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் பிடி. கை தளர்ந்தால் பிடியும் தளரும். இழுப்பானின் தாடை சாய்வாக அசையும்படி கோக்கப்பட்டது. கம்பியை உள்ளே வைத்துச் சங்கிலியை இழுத்தால், அந்த இழுப்பே ஒரு தாடையை இன்னொன்றின் மேல் அமுக்குகிறது. இழுப்பு கூடினால் அமுக்கமும் கூடும். சுருக்கு முடிச்சு போட்ட கயிறு இழுக்க இழுக்க இறுகுமே, அதே வித்தை. அதனால் 20 கிலோவில் வழுக்காத தாடை 200 கிலோவிலும் வழுக்காது. வழுக்குவதென்றால் தொடக்கத்திலேயே வழுக்கிவிடும். தாடையில் எண்ணெய்ப் பிசுக்கோ சேறோ இருக்கும்போதும், கம்பி தாடையின் அளவுக்கு மிக மெல்லியதாக இருக்கும்போதும் இதைப் பார்க்கலாம்.

நல்ல இழுப்பானின் தாடை உட்புறம் வழவழப்பாக இருக்கும், அல்லது மிக மெல்லிய வரிகளோடு இருக்கும். பல் பல்லாக இருந்தால் பிடி பலமாக இருக்கும் என்று தோன்றும். அந்த ஆசையை விட்டுவிடுங்கள். கம்பியின் மேல் துருப்பிடிக்காமல் காக்கும் துத்தநாகப் பூச்சு ஒரு மெல்லிய தோல். பல் பதிந்தால் தோல் கிழியும், அடியில் எஃகிலும் ஒரு கீறல் விழும். அந்தக் கீறல்தான் அடுத்த முறை அறுகிற இடம். சாதாரணக் கட்டிங் பிளேயரால் கம்பியைக் கவ்வி இழுத்து ஒருமுறை வேலையை முடித்திருக்கிறேன். சில மாதம் கழித்து அதே கம்பி மறுபடியும் அறுந்தது. முனையை எடுத்துப் பார்த்தால் பிளேயரின் பல்வரி அப்படியே தெரிந்தது. அறுந்த முகத்தில் ஒரு பாதி கறுத்துத் துருவேறியிருந்தது, மறுபாதி புதிதாக உடைந்த பளபளப்போடு இருந்தது. கீறலில் தொடங்கிய விரிசல் மெல்ல மெல்ல உள்ளே போய், மிச்சமிருந்த பாதி ஒருநாள் தாங்காமல் விட்டிருக்கிறது. முடிச்சு மட்டும் அசையாமல் அப்படியே இருந்தது.

அடுத்து கைப்பிடி. கைப்பிடியின் நீளம் 40 செ.மீ., அது சுழலும் அச்சிலிருந்து கொக்கி 4 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் கணக்குப்படி கை கொடுக்கும் 15 கிலோ, கொக்கியில் 150 கிலோவாகும். உராய்வில் ஒரு பங்கு போனாலும் நமக்கு வேண்டியதற்கு மேலேயே மிஞ்சும். ஆனால் கை 40 செ.மீ. நகர்ந்தால் கொக்கி 4 செ.மீ.தான் நகரும். பலத்துக்குக் கொடுக்கும் விலை தூரம். அதனால்தான் ஒரே தள்ளலில் வேலை முடியாது. கைப்பிடியை முன்னும் பின்னுமாக ஆட்டும்போது ஒரு கொக்கி இழுப்பைத் தாங்கி நிற்க, மற்றது அடுத்த வளையத்துக்குத் தாவி விழுகிறது. பிறகு அது தாங்க, இது தாவுகிறது. தென்னை ஏறுகிறவர் கையை ஊன்றிக் காலை மேலே வைத்து, காலை ஊன்றிக் கையை மேலே நகர்த்துவாரே, அதேபோல இழுப்பான் சங்கிலியில் ஒவ்வொரு வளையமாக நடந்து போகிறது. எந்த நொடியிலும் ஏதாவது ஒன்று இழுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். கொக்கி வளையத்தில் விழும் 'டக்' என்ற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். அந்தச் சத்தம் வராமல் கைப்பிடியைத் திருப்பிவிடாதீர்கள்.

இந்த மாதிரிக் கருவிகளில் பெயர்பெற்ற ஒன்று நியூசிலாந்திலிருந்து வந்தது. அங்கே ஓட்டுரேஹுவா என்ற சிற்றூரில் எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895இல் தொடங்கிய பட்டறை, 1920களில் கொண்டுவந்த கம்பி இழுப்பானால்தான் ஊர் ஊராகப் பேசப்பட்டது. ஆரம்ப நாள்களில் அவருடைய மனைவி ஹன்னா சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய்ப் பட்டறைச் சாமான்களை விற்றுவந்தார். மைல்கணக்கில் வேலி போட்டு ஆடு வளர்க்கும் நாட்டில் இது பிறந்ததில் ஆச்சரியமில்லை.

ஒட்டுப் போடும் விதம்

இப்போது அறுந்த கம்பிக்கு வருவோம். முதலில் இடப்பக்கத் தூண்களிலும் வலப்பக்கத் தூண்களிலும் கம்பியைப் பிடித்திருக்கும் கட்டுகளையும் யு ஆணிகளையும் பாருங்கள். இடையில் உள்ள தூண்களில் கம்பி வழுக்கி ஓட வேண்டும், இறுகிக் கிடக்கக் கூடாது. ஏதாவது ஒரு தூணில் இறுக்கி அடித்திருந்தால் நீங்கள் கொடுக்கும் விறைப்பு அந்தத் தூணைத் தாண்டிப் போகாது. ஒரு பக்கம் வீணைத் தந்தி, மறுபக்கம் தொய்ந்த கயிறு என்றாகிவிடும். இறுகியவற்றைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.

பிறகு முனைகளைச் சோதியுங்கள். துருவேறி மெலிந்த பகுதியை ஈவிரக்கம் பார்க்காமல் வெட்டி எறியுங்கள். மென்மையான இரும்புக் கம்பியாக இருந்தால் நுனியை ஒருமுறை மடித்து நிமிர்த்திப் பாருங்கள். அதற்கே முறிந்தால் இன்னும் உள்ளே தள்ளி நல்ல கம்பி வரும்வரை வெட்ட வேண்டும்.

அதே தடிமனில், அதே வகைக் கம்பியில் ஒரு மீட்டர் ஒட்டுத்துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு வேலிக்குச் செம்புக் கம்பியை ஒட்டாகப் போட வேண்டாம். இரண்டும் தொட்டுக்கொண்டு நனையும்போது துத்தநாகமும் இரும்பும்தான் வேகமாக அரிபட்டுப் போகும். அறுந்த முனை ஒன்றை மடித்துக் காது போட்டு, அதற்குள் ஒட்டுத்துண்டைக் கோத்து அதிலும் ஒரு காது போட்டு, இரண்டு காதும் ஒன்றையொன்று மாட்டிக்கொள்ளும்படி செய்யுங்கள். ஒவ்வொன்றின் வாலையும் அதனதன் கம்பியின் மேலேயே நெருக்கமாக ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். இதில் இழுப்பு எதுவும் இல்லை, தரையில் உட்கார்ந்தே செய்யலாம். மறுபக்கத்து அறுந்த முனையிலும் இப்போதே ஒரு காது போட்டு வைத்துவிடுங்கள். விறைப்பேற்றிய பிறகு குனிந்துகொண்டு காது போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இழுப்பானின் ஒரு தாடையை ஒட்டுத்துண்டிலும், இன்னொன்றைக் காது போட்ட பழைய கம்பியிலும் மாட்டுங்கள். தாடைக்கும் காதுக்கும் நடுவே இரு கையும் புகுந்து வேலை செய்ய இடம் வேண்டும், ஒரு முழம் விடுங்கள். ஒட்டுத்துண்டின் வாலைக் காதுக்குள் நுழைத்துத் தொங்கவிட்டுவிட்டுக் கைப்பிடியை ஆட்டத் தொடங்குங்கள். முதல் சில ஆட்டங்களில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், தரையில் கிடந்த தொய்வுதான் உள்ளே வருகிறது. பிறகு புல்லிலிருந்து கம்பி மேலெழும். எங்கோ தள்ளியிருக்கும் தூணில் 'கிரீச்' என்று கேட்கும். கைப்பிடி கனக்கத் தொடங்கும். இங்கிருந்துதான் உண்மையான விறைப்பு ஆரம்பம்.

வேண்டிய விறைப்பு வந்ததும் இன்னும் ஓர் ஆட்டம் கூடுதலாகப் போடுங்கள். காரணம் இருக்கிறது. காதுக்குள் நுழைத்த வாலைக் குறட்டால் இழுத்து, மடித்து, தன் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி முடிக்கிறீர்கள். இப்போது கொக்கிகளைப் பின்னோக்கி ஒவ்வொரு வளையமாக நடத்தி இழுப்பானைத் தளர்த்தும்போது, இழுப்பு சங்கிலியிலிருந்து முடிச்சுக்கு மாறுகிறது. காதுகள் இறுகி நீள்கின்றன. வட்டமாக இருந்தது வேப்பங்கொட்டை மாதிரி ஒடுங்கும். இதில் ஒரு சென்டிமீட்டர் போய்விடும். 100 மீட்டர் கம்பியில் 1 செ.மீ. என்றால் 10 கிலோ இழுப்பு குறையும், பெரிய நஷ்டமில்லை. அதே முடிச்சை 10 மீட்டர் கொடிக்கம்பியில் போட்டால்? அங்கே 1 மி.மீ. நீட்டத்துக்கு 10 கிலோ. ஒரு சென்டிமீட்டர் விட்டால் 100 கிலோவும் போச்சு. வீட்டுக் கொடிக்கம்பியை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் விட்டதும் தொய்ந்துவிடுகிறதே என்று அலுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். குட்டைக் கம்பிக்கு முடிச்சை முதலில் போட்டுவிட்டு, டர்ன்பக்கிள் எனப்படும் இருபுறத் திருகாணியைக் கடைசியில் முறுக்கி விறைப்பேற்றுவதே சரி.

எவ்வளவு விறைப்பு?

புதிதாகச் செய்பவர்கள் கைப்பிடி ஆடுகிற வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். விறைப்பு கூடக்கூடப் பலம் கூடும் என்ற எண்ணம். கம்பியின் வகையைப் பார்க்காமல் இதைச் செய்யக் கூடாது. வேலிக்கென்று வரும் வலுவேறிய ஹை டென்சைல் கம்பியில் 2.5 மி.மீ. தடிமன் என்றால் 500 கிலோ அளவில்தான் அறும். கையால் சுலபமாக வளையும் மென்கம்பியோ 200 கிலோவை ஒட்டியே அறுந்துவிடலாம். அறுவதற்கு வெகுமுன்பே இன்னொன்று நடக்கும். ஸ்பிரிங் தன்மை போய் நிரந்தரமாக நீண்டுவிடும். அதன் பிறகு எத்தனை ஆட்டம் ஆட்டினாலும் விறைப்பு ஏறாது. கைப்பிடி ஏதோ இளகினாற்போல, மாவை இழுப்பதுபோலத் தோன்றினால் உடனே நிறுத்துங்கள், கம்பி கெட்டுக்கொண்டிருக்கிறது.

போதுமான விறைப்புக்கு ஒரு சோதனை உண்டு. 3 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு தூண்களுக்கு நடுவே, 100 மீட்டர் கம்பியின் மையத்தை 5 கிலோ அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளுங்கள். 100 கிலோ விறைப்பில் இருந்தால் 4 செ.மீ.கூட நகராது. 20 கிலோதான் இருக்கிறதென்றால் 12 செ.மீ. வரை வளையும். ஒரு கன்றுக்குட்டி தலையை நுழைக்க அந்த வளைவு போதும். ஒன்று கவனித்தீர்களா, தன் எடையால் கம்பி தொய்வது இங்கே கணக்கிலேயே வரவில்லை. 100 மீட்டர் கம்பியின் மொத்த எடையே 4 கிலோவுக்குள்தான். ஆகவே பார்வைக்கு நேராக இருக்கும் கம்பியும் விறைப்பில்லாத கம்பியாக இருக்கலாம். கண்ணை நம்பாமல் கையால் தள்ளிப் பாருங்கள்.

வெயிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எஃகு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் மீட்டருக்கு 0.012 மி.மீ. விரியும். 100 மீட்டர் கம்பி 30 டிகிரி சூடேறினால் 36 மி.மீ. விரியும். நம் பழைய கணக்குப்படி அது 36 கிலோ இழுப்பு. கொளுத்தும் நண்பகலில் 100 கிலோவுக்குக் கட்டிய கம்பி, 30 டிகிரி குளிர்ந்த பின்னிரவில் 136 கிலோவில் நிற்கும். மாறாக, குளிர்ந்த விடியலில் 40 கிலோவுக்கு மட்டும் கட்டியிருந்தால் வெயில் ஏறியதும் தொங்கிப்போகும். உச்சிவெயிலில் கட்டும்போது அடக்கி வாசியுங்கள், குளிரில் கட்டும்போது கொஞ்சம் தாராளமாக இழுங்கள்.

மற்ற வகைகள்

இழுப்பான் ஒன்றுதான் வழி என்றில்லை. கம்பியிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடும் சின்ன ராட்செட் உண்டு. நூல்கண்டு போல ஓர் உருளை, பக்கத்தில் பல்சக்கரம், பின்னால் நழுவாமல் தடுக்கும் ஒரு நாக்கு. கம்பியின் நுனியை உருளையின் துளையில் விட்டுத் திருகினால் சுற்றிக்கொண்டு இறுகும். ஆண்டுக்கொருமுறை வந்து நாலு பல் திருகிவிட்டுப் போகலாம். ஆனால் ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்று வாங்க வேண்டும். இழுப்பான் ஒன்று இருந்தால் எத்தனை மைல் வேலிக்கும் போதும்.

வலுவேறிய கம்பியைக் கையால் சுற்றி முடிச்சு போடுவது பெரும்பாடு, வளையாது, வளைந்தால் சிலசமயம் முறியும். அதற்கு இரண்டு கம்பியையும் ஒரு சிறு உலோகக் குழாய்க்குள் எதிரெதிராக விட்டு நசுக்கிவிடும் முறை இருக்கிறது. இன்னொன்று, 1980களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்த கிரிப்பிள் வகை இணைப்பான். கட்டைவிரல் அளவு உலோகக் கட்டிக்குள் இரண்டு பாதைகள் இருக்கும். கம்பியைத் தள்ளினால் உள்ளே போகும், பின்னால் இழுத்தால் உள்ளிருக்கும் ஆப்பு இறுகிப் பிடித்துக்கொள்ளும். இழுப்பானின் தாடையில் பார்த்த அதே சுருக்கு வித்தைதான், உருவம் மட்டும் சுருங்கியிருக்கிறது.

முள்கம்பிக்குத் தனிக் கவனம் வேண்டும். 1874இல் அமெரிக்காவில் ஜோசப் கிளிட்டன் காப்புரிமை வாங்கிய வடிவம், இரண்டு கம்பிகளை முறுக்கி நடுவே முள்ளைச் சிக்கவைப்பது. இன்றும் பெரும்பாலான முள்கம்பி அந்த வடிவம்தான். தாடையை முள்ளின் மேல் வைக்காமல் இரண்டு முள்ளுக்கு நடுவில் வையுங்கள். இரண்டு இழையில் ஒன்று மட்டும் அறுந்திருந்தாலும் இரண்டையும் வெட்டிவிட்டு ஒட்டுப் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

அப்புறம், எந்தக் கருவியும் இல்லாதவர்களின் நண்பன் கடப்பாரை. கம்பி முனையைக் கடப்பாரையில் இரண்டு சுற்றுச் சுற்றி, தூணில் முட்டுக்கொடுத்து நெம்பினால் நல்ல விறைப்பு வரும். நானும் பல தடவை செய்திருக்கிறேன். நெம்பியவர் கையில் பலம் இருக்கிறவரை எல்லாம் சுகம். ஒருநாள் கடப்பாரையைப் பிடித்திருந்தவருக்குத் தும்மல் வந்தது. கடப்பாரை சுழன்று விழ, கம்பி நுனி என் முழங்கையைக் கீறிக்கொண்டு போனது. தும்மினாலும் இருமினாலும் விடாமல் பிடித்து நிற்கும் கொக்கிக்குக் காசு கொடுக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

விறைத்த கம்பியின் கோபம்

100 கிலோ விறைப்பில் 10 செ.மீ. நீண்டு நிற்கும் கம்பிக்குள் இருக்கும் ஆற்றல், 5 கிலோ கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வருவதற்குச் சமம். அறுந்தால் அது அத்தனையும் ஒரு கூரான முனையில் வந்து சேரும். அதனால் கம்பி ஓடும் கோட்டுக்கு நேராக நிற்காதீர்கள், வளைவில் உட்புறமாகவும் நிற்காதீர்கள். இழுப்பானை இயக்கும்போது கம்பி உங்களுக்கும் தூணுக்கும் நடுவே இல்லாமல், தூண் உங்களுக்கும் கம்பிக்கும் நடுவே இருந்தால் நல்லது. கனமான கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். முகத்தைத் தாடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அதை அடக்கிக்கொள்ளுங்கள்.

கைப்பிடி குட்டையாக இருக்கிறதே என்று குழாயை மாட்டி நீட்டிக்கொள்வதும், வண்டியில் கட்டி இழுப்பதும் கூடாது. கையால் ஆட்டும்போது எவ்வளவு இழுப்பு என்று உள்ளங்கை சொல்லிக்கொண்டே இருக்கும். வண்டிக்கு அந்த உணர்வு கிடையாது, மூலைத்தூண் பிடுங்கிக்கொண்டு வந்த பிறகுதான் தெரியும். மின்வேலியாக இருந்தால் மின்பெட்டியை அணைத்துவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும். தலைக்கு மேல் மின்கம்பி போகும் இடத்தில் அறுந்த வேலிக்கம்பியைச் சுண்டி இழுக்கவே கூடாது, அது துள்ளி எழுந்து மேலே தொட்டுவிடும்.

இழுப்பானுக்கு இன்னொரு வேலையும் உண்டு, வாங்கியவர்களில் பலர் அதற்கு அதை எடுப்பதே இல்லை. பழைய வேலியைப் பிரிக்கும்போது விறைத்த கம்பியை அப்படியே வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய நொடியில் இரண்டு முனையும் சாட்டையாகும். வெட்டப்போகும் இடத்துக்கு இருபுறமும் தாடைகளை மாட்டி, நடுவில் உள்ள கம்பி தொய்கிற வரைக்கும் இழுத்துவிட்டு, அந்தத் தொய்வில் வெட்டுங்கள். கத்தரித்த சத்தத்தைத் தவிர வேறொன்றும் நடக்காது. பிறகு கொக்கிகளை ஒவ்வொரு வளையமாகப் பின்னே நடத்துங்கள். முனைகள் மெல்ல விலகி, ஒரு சாண் இடைவெளியில் வந்து நிற்கும்.